சந்தைக்கு ஸ்டெப் 7, சூளைக்கு ஸ்டெப் 25

ஒரு சின்னக் கேள்வி. கால்குலேட்டர் வேண்டாம், மனசுக்குள்ளேயே சொல்லுங்கள். வருஷத்துக்கு எத்தனை வெள்ளிக்கிழமை?

"இது என்ன பெரிய விஷயம், 52தான்!" என்று டக்கென்று சொல்லியிருப்பீர்கள். பாதி மார்க் தரலாம். 2026-க்கு அது சரி. 2027-க்குத் தப்பு.

"ஒரு வெள்ளிக்கிழமை கூடக் குறைய இருந்தா இப்ப என்ன?" என்று கேட்பவர்கள் ஒரு தடவை வேப்பூருக்குப் போய் வர வேண்டும். திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் விருத்தாசலம் ரோடும் சேலம் ரோடும் வந்து சேருகிற கூட்டு ரோடு ஊர். அங்கே வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கூட்டம் அள்ளும். சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர், வண்டி வாடகைக்கு விடுகிறவர், டீக்கடை போடுகிறவர் எல்லாருக்கும் வருஷத்தில் எத்தனை சந்தை என்பது காசு விஷயம். ஒரு சந்தை கணக்கில் விட்டுப்போனால், ஒரு நாள் வருமானம் கணக்கில் இல்லை என்று அர்த்தம்.

இந்த வாரம் நம்ம மேட்டர் இதுதான்: பேசிக் மொழியில் 'ஸ்டெப்' போட்டு லூப் எழுதுவது. "ஐயோ, அது எங்க மாமா காலத்து மொழியாச்சே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மொழி பழசு. அதில் மாட்டுகிற இடங்கள் எதுவும் பழசாகவில்லை. நீங்கள் பைத்தான் எழுதினாலும் அதே குழியில்தான் கால் வைப்பீர்கள்.

ஏழு ஏழாகத் தாவு!

1964 மே 1. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணக்கு வாத்தியார்களின் முயற்சியில் முதல் பேசிக் புரோகிராம் ஓடியது, விடியற்காலை 4 மணிக்கு! சயின்ஸ் படிக்காத மாணவனும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அதனால் மொழியைக் கிட்டத்தட்ட பேச்சு மாதிரியே அமைத்தார்கள். 'இதிலிருந்து, இது வரைக்கும், இத்தனை இத்தனையாக' என்று வாயால் சொல்வதை அப்படியே எழுதலாம்.

2026 ஜனவரி 1 வியாழக்கிழமை. ஆக, முதல் வெள்ளி வருஷத்தின் 2-ஆம் நாள். கடைசி நாள் 365. இப்போது லூப் (நம்ம பக்கத்துக்காக உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன். கீபோர்டில் இங்கிலீஷில் தட்டிக்கொள்ளுங்கள்):

ஃபார் நாள் = 2 டு 365 ஸ்டெப் 7
பிரிண்ட் நாள்
நெக்ஸ்ட் நாள்

மூன்றே வரி. 2, 9, 16, 23 என்று தாவித் தாவிப் போய் 359-ல் நிற்கும். அடுத்தது 366. அது 365-ஐத் தாண்டிவிட்டது, அதனால் லூப் வெளியே வந்துவிடும். 'ஸ்டெப்' என்ற வார்த்தையை விட்டுவிட்டால் பேசிக் தானாகவே 1 என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் தினமும் ஆட்டுச் சந்தைதான்!

எத்தனை தடவை சுற்றியது என்று விரல் விட்டு எண்ண வேண்டாம். ஒரு குட்டி ஃபார்முலா: முடிவிலிருந்து ஆரம்பத்தைக் கழி, ஸ்டெப்பால் வகு, புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தூக்கிப் போடு, ஒன்றைக் கூட்டு. 365-லிருந்து 2 போனால் 363. ஏழால் வகுத்தால் 51 சொச்சம். ஒன்றைக் கூட்டினால் 52.

2027-க்கு வருவோம். அந்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதியே வெள்ளி. 365-லிருந்து 1 போனால் 364. ஏழால் வகுத்தால் சுத்தமாக 52. ஒன்றைக் கூட்டினால் 53. வருஷத்தின் முதல் நாளும் வெள்ளி, கடைசி நாளும் வெள்ளி.

அந்த 'ஒன்றைக் கூட்டு' என்பதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். பந்தல்காரரைக் கேட்டால் சொல்வார்: பத்தடி நீளத்துக்கு இரண்டடிக்கு ஒரு கால் நட்டால் ஐந்து கால் போதாது, ஆறு வேண்டும். இடைவெளி ஐந்து, கால் ஆறு. நாம் இடைவெளியை எண்ணிவிட்டு, கால்களை எண்ணிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு சுவாரஸ்யம். 2026 லூப் முடிந்த பிறகு 'நாள்' வேரியபிளுக்குள் என்ன இருக்கும்? 359 என்று நினைத்தால் தப்பு. தாண்டிப் போய் நின்ற 366 இருக்கும். அதிலிருந்து 365-ஐக் கழியுங்கள். 1. அதுதான் 2027-ன் முதல் சந்தை நாள்! லூப் தூக்கிப் போட்ட எண்ணில் அடுத்த வருஷத்துக்கான ஆரம்பம் ஒளிந்திருக்கிறது. வைவாவில் "லூப் முடிஞ்சதும் வேரியபிள் வேல்யூ என்ன?" என்று கேட்டால் இந்த ஆட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பைத்தானுக்கு மாறினால்...

"சார், நான் பைத்தான் பார்ட்டி. ரேஞ்ச் போட்டா முடிஞ்சுது" என்கிறீர்களா? போடுங்கள் பார்ப்போம். 2027-க்கு 'ரேஞ்ச் (1, 365, 7)' என்று எழுதினால் விடை 53 வராது. 52தான் வரும். டிசம்பர் 31 சந்தை காணாமல் போய்விடும்.

காரணம், பேசிக்கில் 'டு 365' என்றால் 365-ம் சேர்த்தி. பைத்தான் ரேஞ்சில் இரண்டாவதாகச் சொல்கிற எண் சேர்த்தி இல்லை. அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். 366 என்று கொடுத்தால்தான் 365 வரைக்கும் போகும்.

கொடுமை என்னவென்றால், 2026-க்கு இந்தத் தப்பு வெளியே தெரியாது. 365 என்று கொடுத்தாலும் சரி, 366 என்று கொடுத்தாலும் சரி, 52தான் வரும். ஒரு வருஷம் முழுக்க ஒழுங்காக வேலை செய்த புரோகிராம் அடுத்த வருஷம் சத்தமில்லாமல் ஒரு சந்தையை முழுங்கும். ஸ்டெப் போட்ட லூப்பைச் சோதிக்கும்போது, கடைசி எண்ணில் கச்சிதமாகப் போய் முட்டுகிற ஒரு உதாரணம், முட்டாத ஒரு உதாரணம் என்று இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சூளைக்குள்ளே ஒரு எட்டு

வேப்பூரிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் விருத்தாசலம். பீங்கானுக்குப் பேர் போன ஊர். செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ தருகிற அரசுக் கல்லூரியும் அங்கே இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படிக்கிற செராமிக் ஸ்டூடண்ட்ஸ் யாராவது இருந்தால், அடுத்த விஷயம் உங்களுக்குத்தான்.

சூளையின் வெப்பம் 100 டிகிரியிலிருந்து 1200 வரை ஏறுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நிலைமை என்று ஒரு அட்டவணை அச்சடிக்க வேண்டும். சுலபமான வழி:

ஃபார் வெப்பம் = 100 டு 1200 ஸ்டெப் 100

பன்னிரண்டு வரி. பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் 500-க்கு அப்புறம் நேரே 600. நடுவில்தான் விவகாரமே இருக்கிறது.

பீங்கான் களிமண் கலவையில் குவார்ட்ஸ் இருக்கும். அது 573 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். ஏறும்போது திடீரென்று கொஞ்சம் விரியும். இறங்கும்போது அதே இடத்தில் திடீரென்று சுருங்கும். இந்த இடத்தை அவசரமாகத் தாண்டினால் சாமானில் ஒரு பக்கம் முந்தி மாறும், ஒரு பக்கம் பிந்தி மாறும். விரிசல்தான். அதிலும் ஆறும்போது வருகிற விரிசல் ரொம்ப மோசம். மண் பிசைந்து, அச்சில் வார்த்து, காயவைத்து, எரிபொருள் செலவழித்துச் சுட்டு முடித்த பிறகு கையில் இருப்பது விரிந்த பொம்மை. திரும்பக் கரைத்து மண்ணாக்கவும் முடியாது.

நூறு நூறாகத் தாவுகிற லூப்புக்கு 573 கண்ணிலேயே படாது. லூப் பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னது. நாம் கேட்ட கேள்வியில்தான் ஓட்டை.

அதனால் லூப்பை மூன்றாக உடையுங்கள். 100 முதல் 500 வரை ஸ்டெப் 100. அடுத்து 525 முதல் 650 வரை ஸ்டெப் 25. அப்புறம் 700 முதல் 1200 வரை மறுபடி ஸ்டெப் 100. ஐந்தும் ஆறும் ஆறும் பதினேழு வரி. அட்டவணை ஐந்து வரி கூடியது, அவ்வளவுதான். ஆனால் ஆபத்தான இடத்தில் 550, 575, 600 என்று கிட்டக் கிட்டப் பார்க்கிறோம். அனுபவப்பட்ட சூளைக்காரர் எல்லா நேரமும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நிற்க மாட்டார். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பார். உங்கள் ஸ்டெப்பும் அப்படி இருக்க வேண்டும்.

ஸ்டெப் என்றால் 'எவ்வளவு தாவுவது' என்று மட்டும் அர்த்தம் இல்லை. 'எதையெல்லாம் பார்க்காமல் விடுவது' என்று நீங்கள் எடுக்கிற முடிவு அது. இந்த வாரப் பக்கத்தில் ஒரே வரியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்று அடம் பிடித்தால், இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது மைனஸ்

சூளை ஆறுகிறது. 1200-லிருந்து 100-க்கு இறங்க வேண்டும். எழுதிவிட்டீர்கள்:

ஃபார் வெப்பம் = 1200 டு 100 ஸ்டெப் 100

ரன் கொடுத்தால்? கியூபேசிக்கில் ஒன்றும் வராது. எரர் இல்லை, திட்டு இல்லை, ஒரு பீப் சத்தம்கூட இல்லை. வெள்ளைக் கொடி காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஏனென்றால், ஏறிக்கொண்டே போனால் 1200 ஏற்கெனவே 100-ஐத் தாண்டியாயிற்று. 'ஸ்டெப் -100' என்று மைனஸ் போட்டால்தான் இறங்கும்.

இதில் ஒரு பழைய கூத்து உண்டு. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்து பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. வந்தவை பிபிசி மைக்ரோ மெஷின்கள். உங்கள் அம்மா, அப்பா, சித்தப்பா யாராவது பள்ளிக்கூடத்தில் தொட்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள். அந்த பிபிசி பேசிக்கில் லூப் எப்படியும் ஒரு தடவை சுற்றிவிட்டுத்தான் "தாண்டிட்டோமா?" என்று யோசிக்கும். மேலே உள்ள வரியை அங்கே ஓட்டினால் 1200 என்று ஒரே ஒரு தடவை அச்சாகும். ஒரே பேசிக், ஒரே வரி. ஒரு மெஷினில் விடை பூஜ்யம், இன்னொன்றில் ஒன்று. 'பேசிக் தெரியும்' என்றால் எந்தப் பேசிக் என்று கேட்க வேண்டியிருந்த காலம்.

மொழிக்கு மொழியும் இந்தக் குணம் மாறும். பேசிக்கின் அண்ணன் ஃபோர்ட்ரான், ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு 1957-ல் வெளியிட்டது. அதில் 'டூ 10 ஐ = 1, 100, 5' என்று மூன்றாவது எண்ணாக ஸ்டெப்பை எழுதுவார்கள். நம்ம ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் ஐஐடி கான்பூரில் ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்தார். 1963-ல் அங்கே வந்து இறங்கிய ஐபிஎம் 1620-ல் ஓடியது அந்த மொழிதான். அவர் எழுதிய புத்தகங்களைப் படித்துப் புரோகிராமிங் கற்றவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஆனால் 1966-ன் ஃபோர்ட்ரான் தரத்தில் மைனஸ் ஸ்டெப்புக்கு இடமே இல்லை. இறங்க வேண்டுமென்றால் ஏறுகிற லூப்பை எழுதி, உள்ளே கழித்துக்கொள்ள வேண்டியதுதான். நிக்லாஸ் விர்த் 1970-ல் கொண்டுவந்த பாஸ்கல் வேறு ரகம். ஏறலாம், இறங்கலாம், ஆனால் ஒவ்வொன்றாகத்தான். ஸ்டெப் என்ற பேச்சே கிடையாது!

ஸ்டெப்புக்குப் பூஜ்யம் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கிற குறும்புக்காரர்களுக்கு: கியூபேசிக்கில் நின்ற இடத்திலேயே ஓட்டம். கன்ட்ரோலையும் பிரேக்கையும் சேர்த்து அமுக்கினால்தான் விடுதலை.

புள்ளி வைத்த ஸ்டெப், ஜாக்கிரதை!

மறுபடி செராமிக். கிளேஸில் நீல நிறம் வேண்டுமென்றால் கோபால்ட் ஆக்ஸைடு சேர்ப்பார்கள். கொஞ்சம் போட்டாலே நிறம் தூக்கும். எவ்வளவு போட்டால் எந்த நீலம் என்று பார்க்க 0 சதவிகிதத்திலிருந்து 1 வரை 0.1 0.1 ஆகக் கூட்டி டெஸ்ட் பீஸ் சுடுவது வழக்கமான முறை. எத்தனை பீஸ்? நம்ம ஃபார்முலாப்படி 11. லூப்:

ஃபார் அளவு = 0 டு 1 ஸ்டெப் 0.1

சிங்கிள் பிரிசிஷன் கணக்கில் இதைக் கூட்டிக்கொண்டே போனால், 0.8 வர வேண்டிய இடத்தில் 0.8000001 என்று ஒரு வால் எட்டிப் பார்க்கும். அப்புறம் 0.9000001. அடுத்தது 1.0000001. அது 1-ஐத் தாண்டிவிட்டது! லூப் வெளியே போய்விடும். பத்தே பீஸ்தான். முழு 1 சதவிகிதம், அதாவது அடர் நீலம், அவுட். அதையே டபுள் பிரிசிஷனில் கூட்டினால் கடைசியில் 0.9999999 என்று ஒன்பதுகள் வரிசை கட்டும். 1-க்குக் கொஞ்சம் கம்மி, அதனால் பதினொன்றும் வரும். அதாவது அடர் நீலம் கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் வேரியபிள் என்ன ஜாதி என்பதைப் பொறுத்தது!

ஏன் இப்படி? ஒரு ரூபாயை மூணு பேருக்குச் சமமாகப் பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு 33 பைசா, ஒரு பைசா மிச்சம். எவ்வளவு நுணுக்கிப் பிரித்தாலும் 0.3333 என்று முடிவே இல்லாமல் போகும். நம்ம பத்தடிமானத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எப்படியோ, கம்ப்யூட்டரின் இரண்டடிமானத்துக்கு பத்தில் ஒரு பங்கு அப்படி. 0.1 அதற்குள் முழுசாக அடங்காது. எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தாவலிலும் அந்தத் துணுக்குச் சேர்ந்துகொண்டே போகிறது.

"துணுக்குதானே பாஸ்" என்று சொல்பவர்களுக்கு ஒரு நிஜச் சம்பவம். 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்புக் கருவி ஒன்று 100 மணி நேரத்துக்கு மேல் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு விநாடி, பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. எண்ணியது முழு எண்ணாகத்தான். ஆனால் அதை விநாடியாக மாற்ற 0.1-ஆல் பெருக்கினார்கள். அந்த 0.1 இருபத்து நான்கு பிட்டில் வெட்டப்பட்ட 0.1. நூறு மணி நேரத்தில் சேர்ந்த பிழை சுமார் 0.34 விநாடி. பாய்ந்து வரும் ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். கருவி தப்பான இடத்தில் தேடியது, ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டது. ஸ்கட் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்தது. 28 பேர் இறந்தார்கள்.

ஃபோர்ட்ரானும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. புள்ளி எண்ணை வைத்து லூப் சுற்றுவதை 1977-ன் தரம் அனுமதித்தது. 1990-ல் வழக்கொழிய வேண்டியவை என்ற பட்டியலில் சேர்த்தார்கள். ஃபோர்ட்ரான் 95-ல் தரத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

நமக்கு வழி சுலபம். எண்ணுவதை முழு எண்ணில் எண்ணு, கடைசியில் வகு:

ஃபார் ஐ = 0 டு 10
அளவு = ஐ / 10
நெக்ஸ்ட் ஐ

0.1-ஆல் பெருக்காதீர்கள், பத்தால் வகுங்கள். ஒவ்வொரு அளவும் புதுசாகக் கணக்கிடப்படும், பழைய துணுக்கு ஒட்டிக்கொண்டு வராது. பதினொரு பீஸும் வந்து சேரும். அடர் நீலமும் சேர்த்து.

பர்ஸில் வைத்துக்கொள்ள நாலு கேள்வி

ஸ்டெப் போட்டு எந்த மொழியில் எந்த லூப் எழுதினாலும் ரன் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்:

ஒன்று, கடைசி எண் சேர்த்தியா, இல்லையா?
இரண்டு, போகிற திசையும் ஸ்டெப்பின் பிளஸ் மைனஸும் ஒத்துப்போகிறதா?
மூன்று, ஸ்டெப்பில் புள்ளி இருக்கிறதா? இருந்தால் முழு எண்ணாக மாற்று.
நான்கு, தாவுகிற இடைவெளிக்குள் ஏதாவது 573 ஒளிந்திருக்கிறதா?

முதல் மூன்றுக்கு மொழியின் மேனுவலில் பதில் இருக்கும். நாலாவதுக்கு மேனுவலில் இருக்காது. மண்ணைத் தெரிந்தவர், சந்தையைத் தெரிந்தவர், சூளையைத் தெரிந்தவர் யாரையாவது கேட்டால்தான் கிடைக்கும். கேம்பஸ் இன்டர்வியூவில் முதல் மூன்றைத்தான் கேட்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு காலை வாருவது நாலாவது.

ஓட்டிப் பார்க்க ஆசையா? பழைய டாஸ் மெஷினைத் தேடி அலைய வேண்டாம். கியூபி 64 என்ற இலவச மென்பொருள் இன்றைய கம்ப்யூட்டரிலேயே பழைய கியூபேசிக் பாணியில் எழுதவிடும். வீட்டில் கிளாஸ் திட்டக் காலத்து ஆள் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். குஷியாகிவிடுவார்.

இந்த வாரப் புதிர்: 'ஃபார் ஐ = 10 டு 1 ஸ்டெப் -3'. எத்தனை தடவை சுற்றும்? முடிந்ததும் ஐ என்ன? கீழே பார்க்காமல் சொல்லுங்கள்.

பார்த்துவிட்டீர்களா? நாலு தடவை: 10, 7, 4, 1. முடிந்ததும் ஐ, மைனஸ் 2. "மூணு தடவை" என்று சொன்னவர்கள் பந்தல்காரரிடம் போய் ஒரு நாள் வேலைக்குச் சேருங்கள்!